ஷிஃப்ட் முடிந்து அப்பா வேஷம்

எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். சென்னையில் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். காலை ஷிஃப்ட் என்றால் நான்கு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, கிணற்றடியில் நின்று பார் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஏறிய ஆயில் கறுப்பு மட்டும் போகாது. ஆறு மணிக்கு அவர் அப்பா ஆகிவிடுவார். மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பணம் புரட்ட வழி தெரியாமல் ஈசிசேரில் சாய்ந்து கிடக்கிற அப்பா.

ஒத்திகை, தொழிலாளர் மனமகிழ் மன்றத்தின் கேரம் அறையில் நடக்கும். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டால் அதுதான் மேடை. கார்பன் தாள் வைத்து எழுதிய வசன நோட்டு ஆளுக்கு ஒன்று. நாடகத்தன்று மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு. ஸ்பிரிட் கம் தடவி மீசை ஒட்டுவார்கள். தலையில் வெள்ளைப் பவுடர் கொட்டிச் சீவுவார்கள். அந்தப் பசையின் நெடி இன்றும் மூக்கில் இருக்கிறது. கடைசிக் காட்சியில் மாமா மேல்துண்டால் கண்ணைத் துடைப்பார். முன்வரிசையில், தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நகக்கண் கறுப்பு தெளிவாகத் தெரியும். வேஷத்தில் எல்லாமே ஒட்டவைத்தது. கை மட்டும் நிஜம். ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த கை. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன் என்று பிற்பாடு புரிந்தது.

எங்கள் அம்பத்தூர், ஆவடி வட்டாரம் முழுக்க இப்படி ஆட்கள் இருந்தார்கள். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அப்புறம் டன்லப், 1964இல் வந்த தொழிற்பேட்டை, பாடியில் டிவிஎஸ் குழுமத்துத் தொழிற்சாலைகள், ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை. இவ்வளவு பேர் ஒரே நேரத்துக்கு உள்ளே போய் ஒரே நேரத்துக்கு வெளியே வந்தார்கள். சம்பளம் முதல் தேதி கைக்கு வந்துவிடும். மாலை மீதி இருந்தது. அந்த மீதி மாலையில்தான் தமிழின் குணச்சித்திர நடிப்பு வளர்ந்தது என்பது என் திடமான எண்ணம்.

குணச்சித்திர நடிகர் என்ற சொல்லை நம்மில் பலர் துணை நடிகர் என்பதோடு குழப்பிக்கொள்கிறோம். துணை நடிகர் கூட்டத்தில் நிற்பவர். குணச்சித்திர நடிகர் கதையைத் தாங்குபவர். நாயகன் பாடி ஆடிச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது, அது வீடுதான் என்று நம்மை நம்பவைக்கிறவர். இந்த மாலை நாடகக்காரர்களுக்கு முந்தைய தலைமுறை நடிகர்களைப் பாய்ஸ் கம்பெனிகள் உருவாக்கின. சிறுவயதிலேயே வீட்டை விட்டுப் போய், கம்பெனிச் சோறு தின்று, அடி வாங்கிப் பாட்டும் வசனமும் கற்றவர்கள் அவர்கள். எம்.என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியிலிருந்து வந்தவர். அந்தக் கம்பெனிகள் நொடித்தபின் இடத்தைப் பிடித்தவர்கள் அலுவலகக்காரர்கள். ரயில்வேயில் வேலை பார்த்த நாகேஷ், கணக்காயர் அலுவலகத்துக் கே. பாலசந்தர், அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதன். பகலில் ஃபைல், இரவில் மேடை.

இந்த வரிசையில் நான் மிகவும் நேசிப்பவர் டெல்லி கணேஷ். அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. 1944இல் வல்லநாட்டில் பிறந்த தென்பாண்டிக்காரர். 1964 முதல் 1974 வரை பத்து ஆண்டுகள் இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். ஊர் விட்டு ஊர் போன தமிழர்கள் வேலை முடிந்து கூடி நாடகம் போட்ட சபை அது. எங்கள் கேரம் அறையின் டெல்லிக் கிளை என்று நான் நினைத்துக்கொள்வேன். பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகம் 1977இல் பாலசந்தர் இயக்கத்தில் படமானபோது, மேடையில் நடித்த கணேஷ் திரைக்கும் வந்தார். பெயருக்கு முன்னால் ‘டெல்லி’யைச் சேர்த்தவரும் பாலசந்தர்தான்.

இரண்டே ஆண்டுகளில் ‘பசி’. துரை இயக்கிய 1979ஆம் ஆண்டுப் படம். குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக ஷோபா. அவளுடைய அப்பா, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் முனியாண்டியாக டெல்லி கணேஷ். அப்போது அவருக்கு வயது 35. பதினேழு வயது ஷோபாவுக்கு அப்பா! முப்பத்தைந்து வயதில் ஒரு நடிகர் மனசுக்குள் நாயகக் கனவு வைத்திருந்தால் அந்த வேஷத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். இவர் ஒத்துக்கொண்டார். நெல்லைச் சீமையில் பிறந்து, விமானப்படையில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர், சென்னைக் குப்பத்து மனிதராகவே தெரிந்தார். ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு.

அதற்குப் பிறகு நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை, தேவையும் இல்லை. ‘சிந்து பைரவி’யில் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்கக்காரர், ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரின் பக்கத்திலேயே நிற்கும் அய்யர், ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் பிரான்சிஸ் அன்பரசு என்ற வில்லன். ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான். முகம் தெரியாத அந்த வேலையையும் முழுசாகச் செய்தார்.

இங்கே எங்கள் ஊர் வந்து சேர்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுப் பாடியில் சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், நாடகம் எழுதத் தொடங்கினார். 1976இல் எஸ்.வி. சேகருக்காக ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார். அந்த நாடகத்தின் பெயரே அவருக்கு அடைமொழி ஆகி, கிரேசி மோகன் ஆனார். எங்கள் தெரு மாமா ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த அதே பாடிச் சாலையில்தான் அந்த இளைஞரும் வேலைக்குப் போய் வந்திருப்பார். பிற்பாடு அவர் வசனம் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘அவ்வை சண்முகி’, ‘தெனாலி’ எல்லாவற்றிலும் டெல்லி கணேஷ் உண்டு. பாலக்காட்டு மணி ஐயராக அவர் வரும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990இல் வந்தது. வளர்ப்பு மகனாக வரும் கமல்ஹாசனுக்கும் இவருக்கும் நிஜத்தில் பத்து வயதுதான் வித்தியாசம். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குள் மீன் விழுந்த காட்சியை இன்னொரு முறை பாருங்கள். சிரிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த முகத்தில் இருக்காது. தொழிலுக்கும் ஆசாரத்துக்கும் பங்கம் வந்துவிட்டதே என்று ஒரு சமையல்காரர் நிஜமாகவே நடுங்குவார். நமக்கு வயிறு வலிக்கும்.

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? ஒரே நாடகத்தை ஐம்பது தடவை, நூறு தடவை போட்டதிலிருந்து வந்தது. நேற்று சிரித்த இடத்தில் இன்று சபை சிரிக்கவில்லை என்றால் ஏன் என்று யோசித்தாக வேண்டும். அரை விநாடி முன்னால் சொன்னோமா, கடைசிச் சொல்லை விழுங்கினோமா, எதிரில் நின்றவர் அசைந்துவிட்டாரா? மறுநாளே திருத்திப் பார்க்கலாம். மியூசியம் தியேட்டரிலும் வாணி மகாலிலும் ராஜா அண்ணாமலை மன்றத்திலும் அந்த ஆட்கள் இப்படித்தான் தேறினார்கள். நாடகம் முடிந்து சென்ட்ரலில் கடைசி ஆவடி லோக்கலைப் பிடித்தவர்கள், வில்லிவாக்கம் வரும்வரை அன்றைய தப்புகளைப் பேசிக்கொண்டே வருவார்கள்.

தொலைக்காட்சி வந்தபோது அதுவும் மேடையின் நீட்சியாகத்தான் இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எண்பதுகளில் செவ்வாய்க்கிழமை இரவு நாடகத்துக்குத் தெருவே அடங்கிவிடும். டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்புக் குவியும். சபாவில் பார்த்த முகங்களே பெட்டிக்குள் வந்தன. நாடகம் அதே நாடகம், அதே ஒத்திகை. ஒரு வாரம் ஒருவர் அப்பாவாக வந்தால் மறுவாரம் வேறொருவர்.

இன்று?

இன்று சினிமா எங்கள் பக்கம் வந்துவிட்டது. அன்று நடிக்கப் போவதென்றால் கோடம்பாக்கம், வடபழனி. இன்று பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி. கேளிக்கைப் பூங்காவாகத் தொடங்கிய இடம் அது. பிக் பாஸ் தமிழ் வீடு நிற்பது அங்கேதான். 2020 பிப்ரவரி 19 இரவு ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்ததும் அங்கேதான். அந்த இரவை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். போரூர், ஐயப்பன்தாங்கல், மாங்காடு பக்கம் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. கேட்டருகே ஜெனரேட்டர் வண்டியும் சாப்பாட்டு வேனும் நின்றால் உள்ளே ஏதோ சீரியல் நடக்கிறது என்று பால்காரருக்குக்கூடத் தெரியும்.

அங்கே அப்பா வேஷம் போடுகிற ஒருவரின் ஒரு நாளை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும். காஸ்ட்யூம் பையை அவரே கொண்டு வருகிறார். மூன்று சட்டை, இரண்டு வேட்டி. காட்சித் தாள் அன்று காலைதான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய நேரமில்லை. கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக உரக்கப் படிப்பார். இவர் அதைக் காதில் வாங்கி வாயால் சொல்வார். படிக்கிறவர் குரல் பதிவில் இருக்காது, டப்பிங்கில் போய்விடும். மருமகள் ஏதோ சொல்லிவிட்டாள் என்றால், அதிர்ச்சியாக ஒரு முகம், இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, நேராக ஒன்று. எதிரில் மருமகள் இல்லை. அவருக்கு நாளைக்குத்தான் கால்ஷீட். இவர் ஒரு லைட் ஸ்டாண்டைப் பார்த்து அதிர்கிறார். அன்றைக்கு ஓர் எபிசோடாவது முடித்தாக வேண்டும். இரவு ஒன்பதுக்குப் பேக்கப்.

அந்த மனிதரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் விளக்கு வெப்பத்தில் நின்று, லைட் ஸ்டாண்டைப் பார்த்துக் கண் கலங்க ஒரு திறமை வேண்டும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம், “நாடகம் போட்டதுண்டா சார்?” என்று கேட்டேன். ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. “ஆசைதாங்க. யார் நடத்துறா? நடத்தினாலும் ஒத்திகைக்கு எங்க டைம்?” என்றார்.

இன்றைய நல்லதையும் சொல்ல வேண்டும். அன்று எங்கள் மனமகிழ் மன்றத்தில் பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்காது. சென்னைக்குள்ளிருந்து காசு கொடுத்து ஒரு நடிகையை அழைத்து வருவார்கள். அவர் இரண்டு ஒத்திகைக்குத்தான் வருவார். காலனிப் பெண்களில் எத்தனை பேருக்கு நடிப்பு வந்திருக்கும்? யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இன்று சீரியலில் மாமியாரும் நாத்தனாரும் பாட்டியும் பெண்கள். அறுபது வயதில் நடிக்க வந்து வீட்டு வாடகை கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் தெரு மாமாவுக்கு நாடகத்தால் காசு ஒன்றும் வரவில்லை. சில வருடம் கைக்காசுதான் போனது. தொழிற்சாலைச் சம்பளம் இருந்ததால் அது நடந்தது. இன்று நடிப்பே சம்பளம். ஒருவருக்கு அதில் சோறு கிடைக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. டன்லப் நின்றுபோனது. தொழிற்பேட்டைக்குள் கண்ணாடிக் கட்டடங்களும் ஐடி பார்க்குகளும் எழுந்தன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோத் தூண்கள் வந்துவிட்டன. மக்கள்தொகை எத்தனையோ மடங்கு பெருத்துவிட்டது. அன்று சில ஆயிரம் தொழிலாளர்களுக்கு ஒரு கேரம் அறையாவது மேடையாக இருந்தது. இன்று இத்தனை லட்சம் பேருக்கு நாடகம் போட என்று ஓர் அரங்கம் எங்கே? கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. ராக்கி, முருகன் திரையரங்குகள் புதுப்பொலிவோடு படம் ஓட்டுகின்றன. நாடகம் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் மயிலாப்பூருக்கும் தி. நகருக்கும்தான் போக வேண்டும். நடிப்புத் தொழில் எங்கள் வாசலுக்கு வந்தது. நடிப்பைப் பழகும் இடம் எங்கள் வீட்டைவிட்டே போனது.

நடிப்புப் பள்ளிக்கூடமே அடியோடு மூடிவிட்டது என்று சொன்னால் அது தப்பு. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு பசுபதியை, கலைராணியை, குரு சோமசுந்தரத்தைக் கொடுத்தது. அங்கே கணக்கெழுதப் போன விஜய் சேதுபதி நடிகராக வெளியே வந்தார். டப்பிங் அறையில் வளர்ந்து, ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரில் பட்டாபியாக வீடு வீடாகச் சிரிக்கவைத்த எம்.எஸ். பாஸ்கர், ‘பார்க்கிங்’ படத்துக்காக 2025இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். வாடகை வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு குடித்தனங்கள் அடித்துக்கொள்ளும் கதை அது. எங்கள் தெருக்களில் அன்றாடம் கேட்கிற சண்டை. அந்தக் கிழவரின் வீம்பை வெறும் வில்லத்தனமாகக் காட்டாமல், ஒரு வாழ்நாள் சிக்கனத்தின் வீம்பாக அவர் காட்டினார்.

டெல்லி கணேஷ் சீரியலிலும் நடித்தார், இணையத்துக்கும் வந்தார். 2021 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நவரசா’வில் ‘பாயசம்’ என்ற பகுதி இருக்கிறது. தி. ஜானகிராமனின் சிறுகதையை வசந்த் இயக்கியது. அண்ணன் மகன் வீட்டுக் கல்யாணத்தில் ஊரே மகிழ்ந்திருக்க, வயிற்றெரிச்சல் தாங்காமல் பாயசத் தவலையைக் கவிழ்த்துவிடுகிற சாமநாதுவாக டெல்லி கணேஷ். வயது 77. கவிழ்ப்பதற்கு முன்னால் அந்த முகத்தைப் பாருங்கள். கோபம் இல்லை, திட்டம் இல்லை. தன் மகள் விதவையாக வீட்டில் இருக்கிற துக்கம் வருடக்கணக்கில் புளித்துப்போய்ப் பொறாமை ஆகிவிட்டிருக்கிறது. அது கைக்கு இறங்குவது நமக்குத் தெரிகிறது. முனியாண்டி வேஷத்திலிருந்து நாற்பத்திரண்டு வருடம். இந்த முறையும் அப்பா வேஷம்தான்.

2024 நவம்பர் 9 இரவு ராமாபுரம் வீட்டில் அவர் காலமானார். வயது எண்பது. உடலின் மீது விமானப்படையினர் கொடி போர்த்தி மரியாதை செய்தார்கள். அதை டிவியில் பார்த்தபோது எனக்கு எங்கள் தெரு மாமாவின் ஞாபகம்தான் வந்தது. அவர் போய் வெகுநாள் ஆகிறது. அவருக்குக் கொடி இல்லை, பத்திரிகையில் ஒரு வரி இல்லை. வீட்டுப் பரணில் அந்த மேக்கப் பெட்டி இருக்கிறதா என்று அவருடைய மகனிடம் கேட்டேன். வீடு இடித்து ஃபிளாட் கட்டும்போது போட்டுவிட்டோம் என்றார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் குடியிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அடுக்ககத்தில் கம்யூனிட்டி ஹால் என்று ஒன்று இருக்கும். மாதத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதை நாடகத்துக்குத் திறந்துவிடுங்கள். வாடகை வாங்காதீர்கள். வீட்டில் இருக்கிற பெண்களையும் ஓய்வு பெற்றவர்களையும் நடிக்கக் கூப்பிடுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில், தரையில் உட்காரவையுங்கள். நடிக்கிறவரின் கை அங்கிருந்துதான் தெரியும்.